சாப்ட்டியா டாக்டரு

எங்கள் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்தவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. சிலருக்குப் பெயருக்குப் பின்னால் சீமை எழுத்துகளும் இருந்தன. மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒரு கேள்விதான் இருந்தது. ராயபுரத்து ஜனங்கள் அந்தக் கேள்வியையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ‘சாப்ட்டியா டாக்டரு’ என்றால் துறைமுக வாசலிலிருந்து தண்டையார்பேட்டை வரை தெரியும். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கே தெரியாது. அதனால் நானும் அதை விட்டுவிடுகிறேன்.

உலகச் சண்டை முடிந்து ரேஷன் முடியாத காலம். துறைமுகத்திலும் ரயில் யார்டிலும் நசுங்கியது, கிழிந்தது, முறிந்தது எல்லாம் எங்கள் அவசரப் பிரிவு வாசலில்தான் வந்து இறங்கும். வெட்டுவதும் இழுப்பதும் தைப்பதும் என் வேலை. அதெல்லாம் நடந்து முடிகிறவரை அந்த ஆள் எங்கேயோ போயிருந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வரும்படி பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரண்டில் எது கடினம் என்று எனக்குத் தெரியும். மாலை மரியாதை எதற்கு என்றும் தெரியும்.

இன்று மயக்க மருந்துக்குத் தனிப் படிப்பு, தனி இயந்திரம், தனிக் கர்வம் எல்லாம் வந்துவிட்டன. அன்று இருந்தது மூக்கின்மேல் கவிழ்க்க ஒரு கம்பிக் கூடு, அதன்மேல் மடித்துப் போட்ட துணி, ஒரு சொட்டுப் புட்டி. குளோரோபாரம் முகத்தைப் பொசுக்காமல் இருக்கக் கன்னத்திலும் கண்ணோரத்திலும் வாஸலின் தடவுவார். மூன்று விரலால் தாடையைத் தூக்கிப் பிடிப்பார். சுண்டுவிரல் தாடை எலும்பின் மேல் ஓடும் நாடியில் இருக்கும். அந்தச் சுண்டுவிரல்தான் எங்களிடம் இருந்த ஒரே இயந்திரம். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அந்தத் தித்திப்பு வாசனை அரை நாள் நிற்கும். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள் என்று நர்சுகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கேள்விக்கு வருகிறேன். மயங்கிக் கிடப்பவன் வாந்தி எடுத்தால் அதைத் துப்பத் தெரியாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகும். கத்தி படாமலே ஆள் போய்விடுவான். ஆகவே வயிறு காலியாக இருக்கவேண்டும். இது எல்லா டாக்டருக்கும் தெரிந்த பாடம். ஆனால் மற்றவர்கள் நர்சை விட்டுக் கேட்கச் சொல்வார்கள், கேட்காமலும் இருப்பார்கள். இவர் தாமே குனிந்து, “என்னமும் சாப்பிட்டியளா?” என்பார். திருநெல்வேலிச் சீமைக்காரர். கை பிய்ந்து வந்தவனிடமும் முதல் கேள்வி அதுதான். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் விசாரிப்பதுபோல இருக்கும்.

“கை தொங்கிகினு கீது, சாப்ட்டியான்னு கேக்குறாரு பாரு! இல்லன்னா இன்னா, இட்லி வாங்கித் தருவியா நைனா?” என்று ஒரு சுமைகூலி கத்தியது நினைவிருக்கிறது. இவர் அதற்கும் கோபப்படவில்லை. “முழிச்சதும் நானே வாங்கித் தாரேன்” என்றார். வாங்கியும் தந்தார்.

பதில் வந்ததும் அதை நம்புவார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்மையில் இதுதான். அவசரப் பிரிவில் நாங்கள் யாரையும் நம்பமாட்டோம். படியிலிருந்து விழுந்தேன் என்பவளைப் புருஷன் அடித்திருப்பான். அம்மிக்கல் விழுந்தது என்பவன் பாட்டிலோடு சண்டை போட்டிருப்பான். சந்தேகம்தான் எங்கள் முதலுதவி. இவருக்கு அந்தப் பழக்கம் கடைசிவரை வரவில்லை.

மதுவிலக்கு வந்த புதிதில் இது பெரிய வேடிக்கையாக இருந்தது. சாராயம் உள்ளே இருந்தால் மயக்க மருந்து சுலபத்தில் ஏறாது. ஆள் முரண்டு பிடித்து மேஜையைவிட்டு எழுந்து ஓடுவான். ஆகவே குடித்தானா என்று தெரியவேண்டும். நாங்கள் கேட்டால் போலீஸ் பயத்தில், “சத்தியமா இல்ல சார், மாரியாத்தா மேல ஆணை” என்று, மாரியாத்தாளே மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாசனையோடு சொல்வார்கள். இவர் கேட்டால், “ரெண்டு கிளாஸு டாக்டரே. தோஸ்து வூட்ல. யார்கிட்டயும் சொல்லிடாத” என்று காதோடு சொல்வார்கள். அவர் யாரிடமும் சொன்னதில்லை என்பது ஊருக்கே தெரியும். விதிப்படி சொல்லியிருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

“நம்புதவன்கிட்ட பொய் சொல்ல ஆளுக்கு மனசு வராதுவே” என்பார் என்னிடம். நான் சிரிப்பேன்.

ஒரு ரம்ஜான் மாதத்தில் வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர் தோள் கழன்று வந்தார். விடியற்காலைக்குப் பிறகு எச்சில்கூட விழுங்காத வயிறு. ஆனால் அவருக்கு வேறு கவலை. “இத்த மோந்தா நோம்பு முறிஞ்சுடுமா டாக்டர் சாப்?” என்றார். நானாக இருந்தால் முறியாது என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தோளை இழுத்திருப்பேன். இவர் யோசித்தார். “எனக்குத் தெரியாதே. அஸ்ரத்தைக் கேட்டுட்டு வரச் சொல்லுதேன்” என்று அந்த மனிதரின் தம்பியைப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டு, வலி தெரியாமல் இருக்க அவர் கையைத் தலையணையில் ஏந்திப் பிடித்தபடி நின்றார். பதில் வந்தது: நோயாளிக்கு விலக்கு உண்டு, பின்னால் பிடித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம்தான் புட்டியைத் திறந்தார். எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு போயிற்று. நோன்பு எனக்குத்தான் என்று சொன்னேன். அவருக்கு நகைச்சுவை அவ்வளவாக எட்டாது.

மயக்கும்போது மற்றவர்கள் எண்ணச் சொல்வார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எண் இருபதோடு முடிந்துவிடும், முடிந்ததும் பயந்துபோவார்கள். இவர், “ஒங்க வீட்டுலருந்து கடலுக்கு எப்படிப் போவணும்? ஒவ்வொரு எடமா சொல்லுங்க” என்பார். ராயபுரத்தில் அது ஒரு தெருவுக்கு அப்பால் இருக்கும் விஷயம். ஆனாலும் யாரும் கடல்வரை போனதில்லை. மாதா கோயில் மூலையிலோ, ஐஸ் கடை வாசலிலோ நாக்கு தடித்து நின்றுவிடும்.

இனிச் சொல்லப்போவது ஒரே ஒரு மனிதரைப் பற்றி. அத்திப்பட்டு உப்பளத்தில் வேலை செய்தவர். மனைவி இல்லை, ஒரே பெண். அவளை ராயபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாமியார்க்காரி நாக்கில் தேள் வைத்திருந்தவள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒரு நாள் பெண்ணைப் பார்க்க ஒரு கூடை நண்டோடு வந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையில் இரும்புத் தகடு ஏற்றிய கட்டை வண்டி அவர் இடது பாதத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. மாடுகள் மேலே போகவும் மாட்டோம், பின்னால் வரவும் மாட்டோம் என்றிருந்தனவாம்.

சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, மகள் மூவருமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. உடனே கணுக்காலுக்கு மேல் எடுத்தாகவேண்டும்.

இவர் குனிந்தார். “என்னமும் சாப்பிட்டியளா?”

உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்த உப்பளத்துக்காரர் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற சம்பந்தியம்மாளைப் பார்த்தார்.

“இப்பத்தான் டாக்டரே. சம்பந்தியம்மா வூட்ல. மீன் கொயம்பு. போதும் போதுங்கறேன், உடல. வவுறு முட்டத் துன்னேன்.”

சம்பந்தியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மகள் சுவரைப் பார்த்து நின்றாள்.

இவர் புட்டியைக் கீழே வைத்தார். முதுகுத் தண்டில் ஊசி போட்டிருக்கலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். அவ்வளவு ரத்தம் போனவனுக்கு அதைப் போட்டால் நாடி இறங்கி எழாது. காத்திருக்கலாமே என்றால், ரத்தம் காத்திருக்காது. மார்பியா ஊசி போட்டோம். சுற்றிலும் தோல் மரத்துப்போக நொவொகெயின் போட்டோம். தோலுக்கு அது போதும். எலும்புக்கு அப்படி ஒரு மருந்து எங்களிடம் இல்லை. வார்டுபாய்கள் பிடித்துக்கொண்டார்கள். இவர் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த மனிதரின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ரம்பச் சத்தம் கேட்கக்கூடாது என்று.

நான் வேகமாகத்தான் செய்தேன். அப்படியும் அது நீண்ட நேரம். பாதி எலும்பில் இருக்கும்போது அவர் குமட்டினார். இவர் சட்டென்று தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயருகே தட்டைப் பிடித்தார். வந்தது பச்சை நிறத்தில் கொஞ்சம் பித்தநீர். மறுபடி குமட்டினார். மறுபடியும் அதே பித்தநீர். ஒரு பருக்கை இல்லை.

இவர் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கை புட்டியை நோக்கிப் போயிற்று. அதற்குள் எலும்பு துண்டாகிவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து வார்டில் இவர் அவர் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நானும் கட்டுப் பார்க்கப் போயிருந்தேன்.

“ஏன் அப்படிச் சொன்னிய?”

“வேற இன்னா சொல்றது டாக்டரே? சம்பந்தியம்மா வாசப்படிலயே நிக்க வெச்சு நண்டு கூடய வாங்கிகினா. ஒரு வாய் சோறு துன்றியான்னு கேக்கல. துன்னலன்னு ஒன் எதிர்க்க சொன்னா, நாலு பேர் எதிர்க்க மானம் பூட்ச்சுன்னு அந்தக் கோவத்த யார் மேல காட்டுவா? எம்பொண்ணு அங்கதான வாழணும்.”

இவர், சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தால் வலி தெரியாமல் செய்திருப்பேன் என்றார். சாப்பிட்ட வயிற்றில் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்றும் விளக்கினார். உப்பளத்துக்காரர் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப துன்னலன்னு சொன்னா மயக்கம் குடுப்பியா?”

“கண்டிப்பா குடுப்பேன்.”

“சர்தான்” என்று சிரித்தார். “அந்த ரகசியம் மின்னாடியே தெரியாம பூட்ச்சே.”

வராந்தாவுக்கு வந்ததும் நான் சொன்னேன்: “பார்த்தீங்களா, எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்க. இனிமேலாவது நம்பாதீங்க.”

“அவர் பொய் சொல்லலவே. நான் கேட்ட எடம் தப்பு” என்றார்.

அன்றிலிருந்து கேள்வி கேட்குமுன் எல்லாரையும் வெளியே அனுப்புவார். பெற்றவள், கட்டியவன், வார்டுபாய், யாரும் இருக்கக்கூடாது. குனிந்து காதோடு கேட்பார். அவசரத்தில் அது எங்களுக்குத் தொந்தரவாக இருந்தது. ஆனால் பதில்கள் வேறு மாதிரி வர ஆரம்பித்தன என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் சம்பந்தியம்மாள் தினமும் மத்தியானம் வார்டுக்கு வர ஆரம்பித்தாள். வெறும் கையோடு வரமாட்டாள். தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், “எங்க சம்பந்தி” என்று சத்தமாகச் சொல்வாள். மருமகளை, “நீ குந்துடி, நின்னுகினே கீறியே” என்பாள். தானே பிசைந்து கையில் வைப்பாள். அந்த மனிதர் தனக்காக எதைப் பொறுத்துக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பசியில்லாவிட்டாலும் அவர் மறுக்காமல் சாப்பிடுவார். சம்பந்தி கைச் சோற்றை எப்படி வேண்டாம் என்பது?

புண் சீழ் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட புண்ணில், ஆறிவருகிறது என்று நினைக்கும் சமயத்தில் கட்டிய ரத்தக்குழாய் திடீரென்று அவிழ்ந்துகொள்ளும். ஒரு மத்தியானம் அப்படி ஆயிற்று. படுக்கை நனைந்தது. மேஜைக்குக் கொண்டுவந்தோம். நர்ஸ், “வார்டு கஞ்சி இன்னும் வரல டாக்டர்” என்றாள். அவள் சொன்னது உண்மைதான்.

இவர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். கூடவே ஓடிவந்த சம்பந்தியம்மாளையும், மகளையும். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

“என்னமும் சாப்பிட்டியளா?”

“இல்ல டாக்டரே” என்றார் உப்பளத்துக்காரர். உடனே சொன்னார். “பச்சத் தண்ணி கூட இல்ல. நீ மயக்கம் குடு.”

இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அன்றும் கேட்கவில்லை. வாஸலின் தடவினார். கூட்டை முகத்தில் வைத்தார்.

“வீட்டுலருந்து கடலுக்கு எப்படிப் போவணும்?”

“வூட்லருந்தா... உப்பளத்து வரப்பு. அப்பால ஆத்தங்கர. தோணில ஏறணும். அப்பால... மொகத்துவாரம்...”

யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது. துணியைத் தள்ளிக்கொண்டு சோறு வந்தது. புளிக்குழம்பு நிறத்தில், மீன் துண்டோடு, அள்ள அள்ள வந்தது. தலையைக் கீழே தொங்கவிட்டோம். விரலை விட்டுத் தோண்டினார். காலால் மிதிக்கும் உறிஞ்சியைப் போட்டோம், பருக்கை அடைத்துக்கொண்டது. மார்பை அமுக்கி அமுக்கி மூச்சு வரவைக்கப் பார்த்தோம். முகம் நீலமாகி, பிறகு சாம்பலாயிற்று. நான் கத்தியைத் தொடவே இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு இவர் பஞ்சை நனைத்து அந்த முகத்தைத் துடைத்தார். வாய்க்குள், பல் இடுக்கில், மூக்கில், மீசையில், ஒரு பருக்கை தெரியாமல் துடைத்தார். பஞ்சும் சோறும் கிடந்த தட்டைத் தாமே கொண்டுபோய்க் கழுவினார்.

“அவரே பொய் சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நடந்ததைச் சொல்லிடுவோம்” என்றேன்.

“யார்கிட்டவே சொல்லச் சொல்லுதீரு? ஊட்டிவிட்ட அந்தம்மாகிட்டயா?”

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். சம்பந்தியம்மாள் காலித் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். “இன்னா டாக்டரே, ஆயிட்ச்சா? நல்லாத்தான் துன்னாரு. துன்னதால ஒண்ணும் பேஜாரு இல்லியே?”

“சோத்தால ஒண்ணுமில்லம்மா” என்றார். “மருந்தை நான் கூடுதலா ஊத்திட்டேன். கை தவறிட்டு. நான்தான் தப்பு பண்ணினேன்.”

ஆள் போய்விட்டார் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மகள் தரையில் விழுந்தாள். மாப்பிள்ளை இவர் சட்டையைப் பிடித்து அறைந்தான். இவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வாட்ச்மேன் வந்து விலக்கினான்.

விசாரணை நடந்தது. பெரிய டாக்டரிடம் அதையேதான் சொன்னார்: சொட்டு அதிகமாகிவிட்டது. இப்படிப்பட்ட சாவில் உடலை அறுத்துப் பார்க்கவேண்டும் என்பது முறை. ஆனால் காரணத்தை ஒருவன் தானே ஒப்புக்கொள்ளும்போது மேற்கொண்டு தோண்டுவதற்கு எந்த அதிகாரிக்கும் ஆசை வராது. வீட்டாரும் அறுக்கக்கூடாது என்று அழுதார்கள். மயக்கத்தில் நேர்ந்த சாவு மயக்க மருந்துக்காரர் கணக்கு. ஆகவே என்னிடம், கத்தி வைத்தாயா என்று ஒன்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். நம்பினார்கள்.

‘சாப்ட்டியா டாக்டரு’ என்ற பெயர் போயிற்று. அந்த ஜனங்களே ‘கொலகார டாக்டரு’ என்றார்கள். அவர் வந்து நின்றால், “நீ வேணா நைனா, வேற ஆளக் கூப்டு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நகர்ந்துகொள்வார். கொஞ்ச நாளில் எங்கோ தெற்கே, அறுவை மேஜையே இல்லாத ஒரு டிஸ்பென்சரிக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. மாற்றல் என்றுதான் சொன்னார்கள்.

போகிற அன்று பெட்டியை நான் ஒரு கை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். நேர் வழியை விட்டுவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். யார் வீடு என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் மகள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து சம்பந்தியம்மாள் அவளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பார்த்தது மகள்தான். “மாமி, அவன்!” என்று எழுந்தாள். பெரியவள் அவிழ்ந்த தலைமயிரை விட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் தெரு மண்ணை வாரினாள். “எங்கொழந்தய அனாதையாக்கிட்டு போறியாடா! நீ நாசமாப் போவ! ஒன் கை அழுவிப் போவ!” மருமகளும் பக்கத்தில் வந்து நின்று வாரித் தூற்றினாள். இரண்டு குரலும் எது எதுவென்று தெரியாமல் சேர்ந்து தெருமுனைவரை வந்தன.

முனை திரும்பியதும் அவர் நின்றார். தலையிலும் சட்டையிலும் மண். கண்ணில் விழுந்ததை மேல்துண்டால் ஒற்றிக்கொண்டார். நான் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டேன்.

“ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துல்லா ஏசுதாக, பாத்தீரா?” என்றார்.